தவம் அண்ணை சொன்ன குறை

நிரூஷன் விழுந்து எழும்பிய அந்த மூன்று வினாடிகளில் தவம் அண்ணை எதைக் கண்டார்? எனக்குத் தெரியாது. அந்தத் துண்டுக் காணொளியை இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் பந்துக்காகத் துள்ளுகிறான். இன்னொருவனின் தோள் அவன் காதுக்கு மேலே படுகிறது. விழுகிறான், எழும்புகிறான், ஓடுகிறான். எனக்குத் தெரிவது அவ்வளவுதான்.

பதில் சொல்லக்கூடியவர் போய்விட்டார். புதன்கிழமை காலை நான் ஆய்வுகூடத்தில் இருந்தபோது மளிகைக் கடைக் குமார் தொலைபேசியில் கூப்பிட்டான். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் அல்ல.

"அக்கா, வேலையிலோ? கதிரை இருந்தா இருந்துகொண்டு கேளுங்கோ."

நின்றுகொண்டேதான் கேட்டேன். இங்கே ஜெர்மனியில், எசன் நகரத்து ட்ராம் தரிப்பிட வாங்கில் இருந்தபடியே அண்ணையின் இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் நித்திரை என்று நினைத்தார்களாம். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. 'இனி அந்தப் பெடியனை யார் பார்ப்பது' என்ற பயம். ஏன் அப்படி வந்தது என்பதை, அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணையை நீங்கள் பலவிதமாக அறிந்திருப்பீர்கள். அகதியாக வந்து உணவகச் சமையலறைகளில் பத்து வருடம் கோப்பை கழுவியவர். நாற்பத்தொரு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து தாதியர் பயிற்சி முடித்தவர். அதன் பிறகு, தலையில் அடிபட்டவர்கள் நடக்கவும் பேசவும் மறுபடி பழகுகிற வைத்தியசாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். நான் அவரை அங்கேதான் அறிந்தேன். என் அம்மா படியில் விழுந்து அங்கே ஏழு கிழமை இருந்தார். அம்மா நடைபழகும்போது அண்ணை அரை அடி பின்னால் வருவார். அவருடைய கை அம்மாவின் முழங்கைக்குக் கீழே, தொடாமல், கூடவே போகும். "பிடிச்சுக்கொண்டால் என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"பிடிச்சா அவவுக்குப் பயம் வரும். பிடிக்காட்டி எனக்குப் பயம். என்ர பயம் பரவாயில்லை, தங்கச்சி."

சனிக்கிழமைக் காலைகள் பிறகு வந்தவை. என்னோடு எசனில் படித்த வசந்தி கலியாணம் செய்து மெல்பேணுக்குப் போனவள். அவளுடைய மகன் நிரூஷன் இந்த வருடம் ஒரு பெரிய அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட அணிக்குத் தெரிவானான். அங்கே சனி பின்னேரம் ஆட்டமென்றால் இங்கே காலைச் சாப்பாட்டு நேரம். குமாரின் மளிகைக் கடைக்குப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், ஐந்தாறு பேர் கூடுவோம். இராணி அக்கா சம்பல் கொண்டுவருவா. நான் ப்ரோட்ஷன் என்கிற சின்னப் பாண்கள் வாங்கிக்கொண்டு போவேன். பந்தைக் கையாலும் பிடித்து ஓடுகிற அந்த ஆட்டத்தின் விதிகள் ஒருவருக்கும் தெரியாது. "பந்தே முட்டை மாதிரி. விழுந்தா எந்தப் பக்கம் துள்ளும் எண்டு அதுக்கே தெரியாது. உதுக்கு என்ன விதி?" என்றான் குமார்.

முதல் ஆட்டத்தில் நிரூஷன் பத்து நிமிடம்தான் களத்தில் இருந்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு நடுவால் நழுவினான். "எங்கட ஊர்க் கிளித்தட்டு விளையாட்டு. கிளித்தட்டேதான்" என்று இராணி அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "தாய்க்காரியும் கணக்குப் பாடத்துக்கு உப்பிடித்தான் நழுவுறவள், என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான் குமார். இரண்டாம் கிழமை நிரூஷன் உயரமான ஒருவனின் முதுகுக்கு மேலால் எழும்பிப் பந்தைப் பிடித்தான். அறையே கைதட்டியது. நான் இப்படிப்பட்ட ஆர்வங்களை நம்புகிறவள் அல்ல. பிள்ளை நம்முடையவன் என்பதால் நமக்குத் திறமை கூடத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து அந்தப் பிடியை மறுபடி பார்த்தேன்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. இராணி அக்கா தொடக்கியது. வாய்விட்டுப் புகழ்ந்தால் பிள்ளைக்கு நாவூறு படும். ஆகவே யார் ஒரு நல்ல வார்த்தை சொன்னாலும் உடனே ஒரு குறையும் சொல்ல வேண்டும். "அருமையான அடி, ஆனா தலைமயிர் வெட்டினது சரியில்லை." "நல்ல ஓட்டம், ஆனா கால் வாழைத்தண்டு மாதிரி." குறை சொல்லாதவர் அடுத்த கிழமை தேத்தண்ணி போட வேண்டும். நான் இதைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே, அவன் காலுறை ஒழுங்காக இல்லை என்றும் சொன்னேன்.

ஐந்தாவது ஆட்டத்தில்தான் அந்தத் தோள் பட்டது. எழும்பின நிரூஷன் அதே ஓட்டத்தில் போய் அடித்த பந்து நடுக்கம்பங்களுக்கு இடையால் போனது. எல்லோரும் கத்தினார்கள். வழக்கப்படி குறைகள் வந்தன. பல் எடுப்பு. காது பெரிது. அண்ணை மட்டும் திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எழும்பேக்கை கையாலை நிலத்தைத் தேடினவன். முந்தி அப்பிடித் தேடுறேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சொன்ன குறைகளில் அதுதான் சிறந்தது என்று குமார் தீர்ப்புச் சொன்னான். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த கிழமை அவர் மறுபடி சொன்னார். இந்த முறை யாரும் புகழாதபோதே சொன்னார்: "பெடியன் வெயில் பக்கம் திரும்புறான் இல்லை. கவனிச்சனீங்களோ?" இராணி அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணை, குறை எண்டா மூக்கு, முழியைச் சொல்லுங்கோ. வருத்தத்தைச் சொல்லாதேங்கோ. அது சாபம்." குமார் சமாளிக்கப் பார்த்தான். "அண்ணைக்குக் கரிநாக்கு. வேலைப் பழக்கம், எல்லாரையும் கட்டில்லதான் பாப்பார்." அண்ணை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஓம், பழக்கம்தான்" என்றார்.

அன்று ட்ராம் வரும்வரை என்னோடு நின்றார். வசந்தி என் சிநேகிதி என்பதால் நான் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தார்.

"ஒருக்கா டொக்டரிட்டக் காட்டச் சொல்லுங்கோ, தங்கச்சி. நான் சொன்னா விசர்க் கதையெண்டு நினைப்பினம்."

நான் படித்தவள் அல்லவா. அந்த அணிக்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்றேன். அடிபடுவதைப் பார்ப்பதற்கென்றே பல கோணங்களில் காணொளியோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர்களுக்குத் தெரியாதது குமாரின் தொலைக்காட்சியில் உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணை? ஒரு தாயை ஆதாரம் இல்லாமல் எப்படிப் பயப்படுத்துவது?

அவர் கோபிக்கவில்லை. "நான் பிழையெண்டா அவன் ஒரு சனிக்கிழமை விளையாடேல்லை. அவ்வளவுதானே" என்றார். நல்லவேளையாக ட்ராம் வந்தது.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் அவர் வந்தார். வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். அவர், பந்து போன பிறகும் நிரூஷன் நிற்கும் இடத்தையே பார்த்தார். அவருடைய வலது கை முழங்காலுக்கு மேல், விரல்கள் கொஞ்சம் விரிந்தபடி, எதையோ தாங்கத் தயாராக இருப்பதுபோல் இருந்தது. இராணி அக்கா நாவூறை நம்பி அவரை வாயடைக்க வைத்தா. நான் ஒன்றையும் நம்பாமல் அதையே செய்தேன்.

இறுதிக்கிரியை ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்தது. மண்டபத்து வாசலில் அவரோடு வேலை செய்த ஜெர்மன் பெண் ஒருத்தி, பெயர் கபி, என்னிடம் வந்தாள். அந்த உதைபந்தாட்டப் பிள்ளையின் ஆட்களா நீங்கள் என்று கேட்டாள். அண்ணை அந்த மூன்று வினாடியை அவர்களுடைய ஓய்வறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. "எனக்கும் தெரியவில்லை. ஆனால் தவா ஒரு கையைப் பார்த்துவிட்டு, இது சரியில்லை என்று சொன்னால், நாங்கள் வைத்தியரைக் கூப்பிட்டுவிடுவோம். காரணம் கேட்பதில்லை" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த நாள் ஆட்டம் இருந்தது.

மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று வசந்தியைக் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அண்ணையின் கதையைச் சொல்லி அழுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் கையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? இஞ்ச டொக்டர்மார் இல்லையே?"

"இருக்கினம்."

"பிறகு? செத்தவீட்டிலை நிண்டு என்ர பிள்ளையைப் பற்றி இதையோ சொல்லுறாய்?" பிறகு குரல் தணிந்தது. "அவர் ஏன் என்னட்டை நேரை சொல்லேல்லை?"

"என்னட்டைச் சொன்னவர். நான்தான் உனக்குச் சொல்லேல்லை."

"எப்ப சொன்னவர்?"

"ஒரு மாதம் இருக்கும்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

இறந்தவர்களிடமிருந்து நாம் எதை வைத்துக்கொள்கிறோம் என்று இப்படிப்பட்ட கட்டுரைகளில் எழுதுவார்கள். அவருடைய பொறுமையை என்று எழுத ஆசைதான், ஆனால் அது எனக்கு வரவில்லை. வந்தது அவருடைய பயம். ஆதாரம் கிடைக்கும்வரை காத்திராத, தொடாமல் கீழே நீட்டிய கை போன்ற ஒரு பயம். அது சுகமான சொத்து அல்ல. நித்திரையைக் கெடுக்கிறது. ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

இறுதிக்கிரியைக்கு அடுத்த நாள் நடந்தது இது. நிரூஷன் மற்றவர்களோடு களத்துக்கு ஓடி வந்தான். குமாரின் அறையில் எல்லோரும் இருந்தோம். அண்ணையின் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. முதல் கால்பகுதியில் அவன் நன்றாக ஓடினான். இரண்டாவதில் ஒருவன் அவனைச் சும்மா இழுத்து விழுத்தினான். தலையில் எதுவும் படவில்லை. எழும்பினான். பந்து மறுபக்கம் போய்விட்டது, அவன் போகவில்லை. நின்றான். பிறகு நடந்து கோட்டுக்கு வெளியே போய், அணியின் வைத்தியர் முன்னால் நின்று ஏதோ சொன்னான். அவர் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"ஒண்டும் நடக்கேல்லையே. ஏன் வெளியாலை போறான்?" என்றான் குமார்.

மூன்றாவது கால்பகுதி நடந்துகொண்டிருந்தபோது வசந்தியிடமிருந்து செய்தி வந்தது. சத்தமாக வாசித்தேன். "அவனே டொக்டரிட்டச் சொல்லியிருக்கிறான். ஒரு மாதமாத் தலையிடியாம். வெளிச்சம் பாக்க ஏலாதாம். அணியிலை இடம் போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம். ராத்திரி நான் கேட்டதுக்கும் இல்லையெண்டுதான் சொன்னவன். ஆஸ்பத்திரிக்குப் போறம்."

இராணி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. குமார் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினான். ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை.