அப்பா ஆக்கிய மண்

எங்கள் தெருவில் அப்பாவுக்கு ஆசிட்காரர் என்று பெயர். பழைய பேட்டரிகளைப் பிரித்துச் சரிசெய்வது தொழில். பட்டறை கூப்பிடு தூரம்தான். ஆனாலும் எங்களை அந்தப் பக்கம் அண்டவிட மாட்டார். ஈயம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். குளித்து உடை மாற்றாமல் என்னையோ தங்கையையோ தொட்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் செங்கல் சல்லியும் கட்டாந்தரையுமாகக் கிடந்தது. சந்தையில் கழித்துப்போட்ட இலைதழைகளைச் சுமந்துவந்து மக்கவைத்து, வருஷக்கணக்கில் அதை மண்ணாக்கினார். அள்ளினால் பொலபொலவென்று உதிரும். முதல் மண்புழுவைக் கண்ட அன்று, வீட்டுக்கு ஆள் வந்ததுபோல அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

தண்ணீருக்குத் திண்டாடும் தெரு. பட்டறைத் துணிகளைத் தனி வாளியில் அலசி, அந்தத் தண்ணீரைக் கீரைப்பாத்தியில் ஊற்றுவார். மண் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்பார். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு மறைந்ததும் உண்மைதான். ஆசிட்காரர் கீரைக்குப் புளியே வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சீண்டுவார். சீண்டிக்கொண்டே இரண்டு கை அள்ளிப்போவார். தெருவில் பாதி வீடுகளுக்கு எங்கள் கீரைதான்.

போன மாதம் சிறுநீரகம் கெட்டு அப்பா இறந்தார். தங்கையின் குழந்தை அந்தப் பாத்தியில் தவழ்ந்து மண்ணை வாயில் போடுவதைப் பார்த்தேன். மண் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மாதிரி எடுத்துப்போய்ச் சோதித்தேன். மேல் ஒரு சாணில் ஈயம், அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. அதற்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மக்கிய மண் ஈயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அழிக்காது. மழையும் அதை அடித்துப் போகாது. அப்பா ஆக்கியது அவ்வளவு நல்ல மண்.

மேல்மண்ணை அப்புறப்படுத்த வேண்டும், குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், யாருக்கும் கீரை கொடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"உங்கப்பா தெருவுக்கே விஷம் குடுத்தாருன்னு சொல்றியா?"

"தெரிஞ்சு செய்யலம்மா."

"அது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமாடி? செத்த மனுஷன வாயில போட்டு மெல்லுவாங்க."

பாத்தியில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லி மூடிவிடலாம் என்றாள். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் வழியெல்லாம் எனக்கும் அதே யோசனைதான்.

பக்கத்து வீட்டு அக்கா பாத்திரத்தோடு வந்தார். இடுப்பில் பேரன். கீரை மசித்துக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான் என்றார். அம்மா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே கீரை இல்லக்கா. அந்த மண்ணுல ஈயம் இருக்கு. அவரு பட்டறைத் துணி அலசி ஊத்துன தண்ணி. புள்ளைக்கு ரத்தம் பார்த்துடுங்க."

அக்கா பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். குழந்தையை இறுக்கிக்கொண்டு வேகமாகப் போனார்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.