பதினோரு மான்களும் பெயரில்லாத பிள்ளையும்

போன சனிக்கிழமை காலைத் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் மூன்று போன்கள். மூன்றும் ஒரே விஷயம்... டோஸ்ட்ருப்பில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை சுதாவின் பெண்பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை!

பிறந்து ஐந்து மாதம் தாண்டிவிட்டது. இங்கே டென்மார்க்கில் ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதிந்தாக வேண்டும். ஆனால் சுதாவின் அப்பா, அதாவது என் சித்தப்பா, "மான்விழி" என்கிறார். அவளுடைய மாமனார் பெந்தெகொஸ்தே சபைக்காரர். வேதத்தில் உள்ள "தபீத்தா"தான் வேண்டும் என்கிறார். பிடிவாதத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அன்று முழுக்க இன்டர்நெட்டைத் துழாவினேன். பார்த்தால்... தபீத்தா என்றாலும் மான்தான்! அதோடு விட்டேனா? ஹரிணி, கிரேக்கத்தில் டோர்கஸ், ஹீப்ருவில் அயாலா, அரபியில் ரீம், துருக்கியில் ஜெய்லான் — இப்படிப் பதினோரு மான் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, ஞாயிறு பின்னேரம் டோஸ்ட்ருப்புக்குப் போகும் எஸ்-ரயில் ஏறினேன்.

சுதா வீட்டில் பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டும் மான்தான். இனிச் சண்டை எதுக்கு?" என்றேன் பெருமையாக.

"அப்ப மான்விழியெண்டே வைப்பம்" என்றார் சித்தப்பா.

"ரெண்டும் ஒண்டெண்டால், தபீத்தாவெண்டு வைக்கிறதில உங்களுக்கு என்ன நட்டம்?" என்றார் மாமனார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ரீம் என்றேன் — "அது அரபுப் பேரெல்லோ?" அயாலா என்றேன் — "வாயில நுழையாது." இந்த இரண்டு பேரைச் சமாளிப்பதற்கு, பதினோரு மானையும் கட்டி மேய்த்துவிடலாம்!

சுதா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, பேர் பதிஞ்சாச்சு. நேற்று நானும் இவரும் போனிலயே பதிஞ்சிட்டம். மெட்டே."

"மெட்டேயோ? அது ஆற்ற பேர்?" என்று அதிர்ந்தார் மாமனார்.

"இவள் பிறக்கேக்க, கடைசி மட்டும் என்ர கையை விடாமப் பிடிச்சிருந்த மருத்துவிச்சியின்ர பேர்."

"எங்களிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லையே, பிள்ளை?" என்றார் சித்தப்பா.

"நீங்கள் ஆராவது என்னட்டக் கேட்டனீங்களோ?"

என்னையும் சேர்த்துப் பார்த்துத்தான் கேட்டாள். நான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். உண்மையில் வெட்கமாக இருந்தது.

இப்போது சம்பந்திமார் இருவரும் முதல்முறையாக ஒற்றுமையாகிவிட்டார்கள் — "நீதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தனீ" என்று மாறிமாறிப் போன் போட்டு என்னைத் திட்டுகிறார்கள்! நானா சொல்லிக் கொடுத்தேன்? உலகம் முழுக்க மான் தேடியவளுக்கு, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே...