பதகளி இன்பமலர்

ஓர்ஸ் ஹில் பகுதியில் இன்பமலருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: பதகளி. தொட்டதற்கெல்லாம் நெஞ்சு படபடத்து ஓடித் திரிகிறவர்களுக்கு வைக்கிற பெயர். வைத்தவர் கட்டிய புருஷன் இக்னேசியஸ். கலியாணமாகி ஒரு கிழமைக்குள் வைத்தார். அதன்பிறகு இருபத்தாறு வருஷமாக அவர் வாயில் அவளுக்கு வேறு பெயர் வந்ததேயில்லை. "பதகளி, தேத்தண்ணி" என்பார். "பதகளி, என்ர கண்ணாடி எங்க?" என்பார். அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். மகள் அஞ்சலினா சின்னவளாக இருந்தபோது பீற்றூட் தின்றுவிட்டுச் சிவப்பாகப் போனதைப் பார்த்து, பிள்ளைக்கு இரத்தம் போகிறது என்று அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள். போன வருஷம் இக்னேசியசுக்கு நெஞ்சு நொந்தபோதும் ஓடினாள். அந்த ஓட்டம் வீண்போகவில்லை. அன்றிலிருந்து இரத்தம் கட்டிபடாமல் இருக்க அவர் தினமும் ஒரு குளிசை போடுகிறார். ஆனால் ஊருக்கு அது ஞாபகமில்லை, பீற்றூட்தான் ஞாபகம்.

"அம்மா, நீங்கள் பதகளிக்கிறதைப் பாத்தே எங்களுக்கு நோய் வருத்தம் வந்திடும்" என்று அஞ்சலினா ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அது எங்கேயோ சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த முறை தபசுகாலம் தொடங்கியபோது மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள், ஒரு சிலர் சிகரெட்டை விட்டார்கள். இன்பமலர் பதகளிப்பை விட்டாள். பெரிய வெள்ளி கழியும்வரை காரணமில்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டாள். இக்னேசியஸ் கேட்டுவிட்டு, "இது நடக்கிற காரியமே?" என்றார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர் வேலையிடத்திலிருந்து வந்து இறங்கினார். உள்துறைமுகப் பக்கம் படகு இயந்திரம் திருத்துகிற வேலை. மேலேற்றி வைத்திருந்த படகுக்குக் கீழே குனிந்து நின்றவர் நிமிர்ந்தபோது, பின்தலை இரும்புச் சட்டத்தில் அடிபட்டுவிட்டதாம். காயமில்லை, இரத்தமில்லை. எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம் மட்டும்.

"மயக்கம் கியக்கம் வந்ததே?"

"சும்மா இரும் பதகளி. தலையிடிக்குது, படுத்தாச் சரி."

அவள் சும்மா இருந்தாள். அதாவது, வாய் சும்மா இருந்தது. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அலுமாரியைத் திறந்து மடித்த சேலைகளை எடுத்து மறுபடி மடித்தாள். கத்தரிக்கோல் தேடுகிற சாட்டில் அறைக்குள் போய் அவர் மூச்சைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் கழித்து ஊசி தேடிப் போனாள். ஓட்டோக்கார அஸீமின் நம்பரைக் கைபேசியில் எடுத்து, பார்த்துவிட்டு, வைத்தாள். நேர்த்தி நேர்த்திதானே, இந்த ஒருமுறையாவது மனிசியாய் இருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால்கள் கேட்கவில்லை, குசினிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தன.

மூன்று மணிக்குத் தலையிடி கூடிவிட்டது என்றார். ஐந்து மணிக்குத் தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார்.

"வெயிலுக்குள்ள நிண்டது. மத்தியானச் சூரைமீனும் ஒத்துக்கொள்ளயில்லை."

அதே மீனைத்தான் அவளும் தின்றிருந்தாள். சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். நிலாவெளி ஹோட்டல் வேலை முடிந்து வந்த அஞ்சலினா தாயின் முகத்தைப் பார்த்து, "அம்மா, தபசுகாலம்" என்று விரலைக் காட்டினாள். அவ்வளவு நேரமும் தூங்கி விழுந்துகொண்டிருந்த இக்னேசியஸ், ஆறரைக்கு எழும்பி வந்து சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். செபமாலை சொல்லும் நேரம்.

அந்த வீட்டில் செபமாலை தொடங்கினால் முடியும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது. போன் அடித்தாலும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அப்படித்தான். சட்டம் போட்டவர் இக்னேசியஸ். முன்சொல்லுகிறவரும் அவர்தான், ஒருநாளும் பிசகியதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் துயர தேவ இரகசியங்கள், ஐந்து. மூன்றாவது முள்முடி, நாலாவது சிலுவை சுமப்பது. தாலாட்டைவிட நன்றாக எல்லாருக்கும் பாடம்.

மூன்றாவது முடிந்தது. இக்னேசியஸ் மூச்செடுத்து, "மூன்றாம் தேவ இரகசியம். ஆண்டவர் முள்முடி சூட்டப்பட்டது" என்றார்.

வாய் பழக்கத்தில் செபமாலையின் பத்து மணியும் உருண்டு முடிந்தன. மகள் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணை மூட முடியாமல் இருந்தவள் இன்பமலர் ஒருத்திதான். மனிதனுக்கு மறதி வராதா என்று நெஞ்சைத் தட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி மூச்செடுத்தார்.

"மூன்றாம் தேவ இரகசியம். ஆண்டவர் முள்முடி..."

அவள் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். "இஞ்சேருங்கோ, அது சொல்லியாச்சு."

அவர் திரும்பினார். கோபப்படவில்லை. மரியாதையாகக் கேட்டார்: "என்ன, இன்பமலர்?"

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை அவர் வாயிலிருந்து அந்தப் பெயர். அவள் செபத்தின் நடுவில் எழும்பினாள். செபமாலை எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை.

"அம்மா, நேர்த்தி..." என்றாள் மகள்.

"நேர்த்தியை அந்தோனியாரோட நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ அஸீமுக்குப் போன் அடி."

அஸீமின் ஓட்டோ சந்திகளில் நிற்காமல் பறந்தது. ஆஸ்பத்திரியில் தாதிமாரில் ஒரு மிஸ்ஸி கேள்வி கேட்கக் கேட்க, இன்பமலர் யோசிக்காமல் பதில் சொன்னாள். அடிபட்டது பகல் பதினொண்டுக்கு முன்னம். தலையிடி மூண்டு மணிக்குக் கூடினது. சத்தி ஒருக்கா, அஞ்சு மணிக்கு. ஆறரைக்குப் பிறகு செபத்தில சொன்னதையே திருப்பிச் சொன்னவர். குளிசையின் பெயரையும் சொன்னாள். மிஸ்ஸி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"இந்தக் குளிசை போடுறவருக்குத் தலையில அடிபட்டா உடனே கொண்டு வரோணும் அம்மா. காயம் இல்லாட்டியும். சத்தி வருமட்டும் பாத்திருக்கப்படாது."

பீற்றூட்டுக்கு ஓடியவள், இதற்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல் சேலை மடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வாழ்க்கையில் ஒரே ஒருநாள் ஊர் சொன்னபடி அடங்கியிருந்தாள், அந்த நாள் இதுவாகப் போயிற்று. அவளுக்குத் தன்மேலும் ஊர்மேலும் வந்த ஆத்திரத்தில் அழுகை வரவில்லை.

தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டுக்குள்ளே இரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது என்றார்கள். அம்புலன்சில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் தப்பும், ஆனால் ஞாபகம், பேச்சு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல ஏலாது என்றார் டொக்டர். அந்த வார்த்தையோடு இரண்டு நாள் அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்தாள். உட்காரக் கதிரை இருந்தது, இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கண் திறந்தார். தலையில் வெள்ளைக் கட்டு. டொக்டர் பெயர் கேட்டார், பதில் இல்லை. ஊர் கேட்டார், உதடு மட்டும் அசைந்தது. பிறகு டொக்டர் இன்பமலரை முன்னால் வரச் சொன்னார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கை நடுக்கத்தில் கட்டிலும் சேர்ந்து ஆடியது.

"இஞ்ச பாருங்கோ. நான் ஆரெண்டு தெரியுதோ?"

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆடுகிற கம்பியைப் பார்த்தார். காய்ந்த உதடு மெல்லப் பிரிந்தது.

"பதகளி" என்றார்.

"ஓம்" என்றாள் இன்பமலர். "பதகளிதான்."