சர்வரை அணைத்தது யார்

பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு நான்தான் சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை போவேன். ஏதாவது நின்றுவிட்டால் கூடுதலாகப் போவேன். கம்பெனியை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. உற்பத்தியும் டீலர்களும் அவர் பொறுப்பு, பில்லும் ஆபீசும் அந்தம்மா பொறுப்பு. அடுத்தடுத்த அறை. நடுவில் பாதிக்கு மேல் கண்ணாடி வைத்த பிளைவுட் தடுப்பு. ஊரோடு தமிழ் பேசுவார்கள், தங்களுக்குள் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு தெரியாது. அதனால் என் முன்னால் எதையும் தாராளமாகப் பேசிக்கொள்வார்கள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒருநாள் காலை அந்தம்மா போன் செய்தார்.

"ஏங்கண்ணு, நம்ம சர்வரை ஆரு எப்ப அமத்துனாங்கன்னு அதுலயே எழுதியிருக்குமா?"

"லாக்ல இருக்கும்ங்க. எப்ப நின்னுச்சு, எதனால நின்னுச்சுங்கறது ஓரளவுக்குத் தெரிஞ்சுரும்."

"அப்ப வா. எடுத்துக் காட்டு."

"யாருக்குங்க காட்டணும்?"

கொஞ்சம் யோசித்தார். "பக்கத்து ரூமுக்கு" என்றார்.

போய்ச் சேர்ந்ததும் விஷயம் தெரிந்தது. சில வாரங்களாக சர்வர் பட்டப்பகலில் தானாக அணைந்துபோகிறது. தினமும் இல்லை, நினைத்த நாளில். அணைந்தால் பில் போட முடியாது. பம்பு ஏற்றிய வண்டி கேட்டுக்குள்ளேயே நிற்கும். கரண்ட் மிச்சம் பிடிக்க அந்தம்மாதான் அணைக்கிறார் என்று கணவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆள் இல்லாத ஃபேனைக் கண்டால் அந்தம்மா அணைத்துவிடுவார். ஒருமுறை நான் அடியில் உட்கார்ந்திருந்த ஃபேனையும் அணைத்திருக்கிறார். செல்போனுக்குச் சார்ஜ் போட கணவர்தான் சர்வர் பிளக்கைப் பிடுங்குகிறார் என்பது அந்தம்மாவின் கட்சி. அவர் பிடுங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். இதோடு இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சர்வர் அந்தம்மாவின் அறை மூலையில் இருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்ததும் கணவர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்று என்னிடம் பேசினார்.

"வாங்க அம்மணி. மேடம்கிட்டச் சொல்லிருங்க, லாக் என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்னு."

மேடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் திரும்பி, "லாக் என்ன சொன்னாலும் ஒத்துக்கறாராமுங்க" என்றேன்.

"நானும் அப்படித்தான்னு சொல்லு கண்ணு."

அதையும் சொன்னேன்.

சர்வரில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு லாக் என்ற ஒரு பைலில் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று ஒரு சர்வீஸ் உண்டு. யாரும் அதைப் பாராட்டுவதில்லை. ஏதாவது கெட்டுப்போகும்போதுதான் அதன் நினைவு வரும். பைலைத் திறந்தேன். கடைசி வரி, மழையில் பகல் முழுக்கக் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துபோன நாளோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சர்வர் அணைய ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

"இத்தன வாரமா எதுவும் எழுதலீங்க" என்றேன்.

வாசலில் இருந்தவர், "அழிச்சுப்போட்டாங்களான்னு கேளுங்க" என்றார்.

"எனக்குப் பாஸ்வேர்டே தெரியாதுன்னு சொல்லு" என்றார் அந்தம்மா.

சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. பிழை என்று எதையும் சொல்லவில்லை. 'சோதனை' என்று ஒரு வரியை நானே அனுப்பினேன். வாங்கிக்கொண்டது. பைலில் தேடினால் இல்லை. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் வாங்கிக்கொண்டது. பைலில் எழுதும் உரிமைகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. சர்வீஸ் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைத்த கான்ஃபிக் பைலை வரி வரியாகப் படித்தேன். யாரும் கைவைத்த அடையாளம் இல்லை. வேறு வழியில்லாமல் சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். உடனே எழுத ஆரம்பித்துவிட்டது.

எனக்கு இது பிடிக்கவில்லை. காரணம் தெரியாமல் சரியாகிற கோளாறு, காரணம் தெரியாமலே திரும்பி வரும்.

"இப்ப எழுதுதுங்க."

"நேத்து வரைக்கும் நடந்தது?" என்று கேட்டார் அந்தம்மா.

"அது கெடைக்கலீங்க."

"அப்ப இத்தன நேரம் என்ன பண்ணுனே?"

நியாயமான கேள்வி.

மதியம் சாப்பாட்டுக் கேரியர் வந்தது. அவர் தன் மேசையில் உட்கார்ந்தார், அந்தம்மா இந்த மேசையில். கேரியர் ஒன்றுதான். ஒவ்வொரு அடுக்காக நான் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன்.

"ரசம் வேணுமான்னு கேளு கண்ணு."

கேட்டேன். "வேண்டாம்னு சொல்லுங்க" என்றவர் கிண்ணத்தை நீட்டினார். ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து, "வேண்டாமாமுங்க" என்றேன். அந்தம்மா பாத்திரத்தில் குறைந்திருந்த அளவைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

கணவர் பட்டறைப் பக்கம் போனபிறகு அந்தம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கோம் கண்ணு. நான் பொய் சொல்றேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இந்தப் பெட்டிக்காகச் சொல்லிப்போட்டாரு."

பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். அதுவரை இது எனக்கு ஒரு பழுது வேலை. கை கழுவும்போது, அந்த வரிகளை எப்படியாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்று தோன்றியது.

திரும்பி வந்து டிஸ்குகளைப் பார்த்தேன். அந்தச் சர்வரில் இரண்டு டிஸ்க் உண்டு. முதலாவது சின்னது, சர்வரின் மூச்சே அதில்தான். இரண்டாவது பழையது, பெரியது. எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் லாக் ஃபோல்டரை அதில் போட்டிருந்தார். முதல் டிஸ்க் ஏறக்குறைய நிறைந்துவிட்டது என்று சர்வர் சொன்னது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரிகிற பைல்களையெல்லாம் கூட்டினால் பாதிகூட வரவில்லை. ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு கண்ணில் படாமல் இருக்கிறது.

அப்போதுதான் பிடிபட்டது. பழைய டிஸ்க் சுழன்று தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கரண்ட் போய் வந்த அன்று அது எழுந்திருப்பதற்குள் லாக் சர்வீஸ் எழுந்துவிட்டது. லாக் ஃபோல்டர் எங்கே என்று பார்த்திருக்கிறது. முதல் டிஸ்கிலும் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் இருந்தது. அதில் எழுத ஆரம்பித்துவிட்டது. பிறகு இரண்டாவது டிஸ்க் நிதானமாக வந்து அந்த ஃபோல்டரின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அடியில் இருப்பது வெளியே தெரியாது. ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் இதே கதை. சர்வீஸ் ஒருநாளும் எழுதாமல் இருக்கவில்லை.

சர்வீஸை நிறுத்தி, இரண்டாவது டிஸ்கைக் கழற்றிவிட்டேன். கையால் அல்ல, கட்டளை கொடுத்து. அடியில் இத்தனை வார லாக்கும் அப்படியே இருந்தது. இந்த மாதிரிச் சந்தோஷத்தை யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியாது. இருந்தாலும் அந்தம்மாவிடம் சொன்னேன். அவர் எழுந்து தடுப்புக் கண்ணாடியை விரலால் தட்டினார். பட்டறையிலிருந்து திரும்பியிருந்த கணவர் வந்து நின்றார்.

"அப்ப எழுதிட்டேதான் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நாமதான் வேற எடத்துல தேடிட்டு இருந்தோம்."

படித்துக் காட்டினேன். அணைந்த ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் இருந்தது: பவர் பட்டன் அழுத்தப்பட்டது.

"பிளக்கைப் புடுங்கலைன்னு அவங்களுக்குச் சொல்லுங்க" என்றார் அவர்.

"பட்டனை அமுத்துனது ஆருன்னு போட்டிருக்கான்னு பாரு கண்ணு."

"போடாதுங்க. அமுத்துனது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

நேரங்களை வாசித்தேன். முந்தின நாள் காலை, பதினொரு மணி வாக்கில். கணவர் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப ஈரோட்டு டீலர் வந்திருந்தாருங்க. அவருக்குக் குடுக்க எவர்சில்வர் டப்பா எடுக்க நான்தான் இந்த ரூமுக்கு வந்தேன். இந்த மிசின் பக்கமே போகலைங்க."

அதற்கு முந்தினது வெள்ளிக்கிழமை மாலை. அந்தம்மா விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் லெட்டர்பேடு எடுத்தேன்" என்றார்.

டப்பாவும் லெட்டர்பேடும் இருந்தது ஒரே பீரோவில். ஸ்டோர் ரூம் மழையில் ஒழுகியதால் அதை இந்த அறைக்கு நகர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூலின் மேல் சர்வர். தூசி படாமலிருக்க அந்தம்மா தன் கையால் பூ வேலை செய்த துணியைப் போட்டு அதை மூடியிருந்தார்.

அந்தம்மா தெலுங்கில் ஏதோ சொன்னார். 'பீரோ' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, கணவரைப் பார்த்துச் சொன்னார். கணவர் போய் பீரோக் கதவை முழுக்கத் திறந்தார். கைப்பிடி, துணிக்கு அடியில் பவர் பட்டன் இருந்த இடத்தில் போய் அமுங்கியது. சத்தமே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த திரையில், திறந்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், சர்வர் அணைந்தது.

மூன்று பேரும் கறுப்புத் திரையைப் பார்த்தோம்.

அப்புறம் இருவரும் ஒரே சமயத்தில் தெலுங்கில் ஆரம்பித்தார்கள். அவர் ஸ்டூலைக் காட்டினார், அந்தம்மா பீரோவைக் காட்டினார். அவர் துணியைக் காட்டினார். அந்தம்மாவின் குரல் உயர்ந்தது. வெகுநாள் சேர்ந்துபோன பேச்சு போலிருக்கிறது, சீக்கிரம் முடியவில்லை. யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. நான் ஸ்டூலை ஒரு முழம் தள்ளிப் போட்டு சர்வரை எழுப்பினேன். இரண்டாவது டிஸ்க் வந்து சேரும்வரை லாக் சர்வீஸ் காத்திருக்க வேண்டும் என்று கான்ஃபிக்கில் சேர்த்தேன். அணைத்து எழுப்பி இரண்டு தரம் சோதித்தேன். சரியாக எழுதியது. அடியில் கிடந்த பழைய லாக்கையும் அதற்குரிய இடத்துக்கு மாற்றினேன்.

கிளம்பும்போது அந்தம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பட்டன் அமுத்துன வரியெல்லாம் எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு கண்ணு."

"எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, நேராக மனைவியைப் பார்த்து, எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழிலேயே அவர் சொன்னார்: "ரெண்டு காப்பியா எடுக்கச் சொல்லு."

இரண்டு எடுத்து, தனித்தனியாகப் பின் அடித்து, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.