தார்நாகா வீட்டுக் கணினி

பழைய கணினிகளைத் தேடிப் பிடிக்கும் கிறுக்கர்கள் ஹைதராபாத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவோம். யாராவது பரணைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்தால், காயலான் கடைக்காரருக்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும். அவர் கைக்குப் போனால் உடைத்துச் செம்பை உருவிவிடுவார். அலுவலகத்தில் இருக்கும் தமிழ்ப் பையன்கள் எனக்குப் 'பேரீச்சம்பழம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். மாதாப்பூரில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் நடுவயதைத் தொட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமையை ஓட்ட ஏதாவது வேண்டாமா?

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கணினியை அது இருக்கும் வீட்டிலேயே சரிசெய்து, கொடுப்பவர் கண்முன்னால் ஓடவிட்ட பிறகுதான் எடுத்து வர வேண்டும். ஓடாததைத் தூக்கி வந்தால் நம் வீட்டு மூலையில் ஒட்டடை பிடித்துக் கிடக்குமே தவிர, ஜென்மத்துக்கும் ஓடாது. பட்டுத் தெரிந்துகொண்ட வழக்கம் இது.

தார்நாகாவில் தனியாக இருந்த அந்த அம்மாவின் வீட்டுக்கு அப்படித்தான் போனேன். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மின்னணுக் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். தான் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது வாங்கி வந்த கணினியை மேசை மேல் துடைத்து வைத்திருந்தார். விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டியாக, டிவியோடு இணைத்துப் பார்க்கும் அந்தக் காலத்துச் சாமான்.

"மக வீட்டைக் காலி பண்ணச் சொல்றா. கபாடிக்குப் போட மனசு வரல. ஓடுச்சுன்னா எடுத்துக்கோங்க தம்பி" என்றார். கபாடி என்றால் இந்த ஊரில் காயலான் கடைக்காரர்.

மின்சாரம் வரும் பகுதி கெட்டிருந்தது. அதற்கான உதிரிகளைத் தேடி வாங்கவே இரண்டு வாரம் ஆனது. போகும்போதெல்லாம் சாப்பாடு போட்டார். "நக்கோ, வேணாம்னு சொல்லாதீங்க, ஒருத்திக்குன்னு சமைக்க அலுப்பா இருக்கு" என்பார். ஞாயிறு காலைக் கோயிலுக்குப் போய் வந்து அவர் வைக்கும் கறிக்குழம்புக்காகவே மெட்ரோ ஏறலாம். நான் பழுது பார்க்க, அவர் எதிரில் உட்கார்ந்து, ஆராய்ச்சிக்கூடத்தில் யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பதையெல்லாம் சொல்வார். எனக்கு அந்த மனிதர்கள் ஒருவரையும் தெரியாது. இருந்தாலும் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிறு கணினிக்கு உயிர் வந்தது. டிவியில் நீலத்திரை விரிந்து, ஒரு சிறு கட்டம் கண்சிமிட்டியது. நான் குதிக்காத குறை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப எடுத்துட்டுப் போயிடுவீங்க" என்றார்.

"இன்னைக்கு மெட்ரோவுல வந்துட்டேம்மா. அடுத்த வாரம் நல்ல அட்டைப்பெட்டியோட வர்றேன்" என்றேன்.

அடுத்த வாரம் போனபோது, "ஆன் ஆகலையே தம்பி" என்றார். திறந்து பார்த்தேன். உள்ளே வரிசையாகச் செருகியிருந்த சிப்புகளில் ஒன்று எழும்பி நின்றது. சூட்டில் சிப்புகள் தாமாகக் கொஞ்சம் எழும்புவது உண்டுதான். ஆனால் பல வருடம் ஓடி ஓடித்தான் அப்படி ஆகும். இது ஒரு வாரமாகச் சும்மா இருந்த பெட்டி. அதுவும், ஒரு கால்கூட வளையாமல், தட்டையான திருப்புளியால் பக்குவமாக நெம்பிய மாதிரி இருந்தது. சர்க்யூட்டுகளோடு காலம் கழித்த கை.

கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். ஓடும். ஓடினால் எடுத்துப் போக வேண்டும். விரலைச் சிப் மேல் வைத்தபடி நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நான் மூடியை மூடிவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்மா. அடுத்த வாரம் வர்றேன்."

"ஹவ், என்ன அவசரம்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார்.

மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. மூடியைத் திறப்பேன், அந்தச் சிப் எழும்பியே இருக்கும், மூடிவைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் வாய் திறக்கவில்லை. குழுவில் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், கஷ்டமான கேஸ் என்று கதை விட்டேன்.

பிறகு மகள் வந்து இறங்கினாள். அம்மாவைக் கையோடு அழைத்துப் போகப் போகிறாள், வீட்டையும் விற்றாயிற்று. "மாமூலா ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல, இந்த வாரம் வந்துடுங்க. மறுநாள் கபாடி வர்றான்" என்று அந்த அம்மா போனில் சொன்னார். குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

போனேன். கூடம் முழுக்கப் பெட்டிகள். கணினி மட்டும் மேசையில் தனியாக, டிவியோடு இணைத்தபடி இருந்தது. சாப்பாட்டு வாசனை இல்லை. இன்று அழுத்தித்தான் ஆக வேண்டும் என்று மூடியைத் திறந்தேன்.

எழும்பி நின்ற சிப் அதன் குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவரே அழுத்தியிருக்கிறார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஸ்விட்சைப் போட்டேன், நீலத்திரை வந்தது.

மகளுக்குத் தமிழ் புரியும், பேச்சு தெலுங்கில்தான். வேலை செய்கிறதே, இதற்கா இத்தனை மாதம் வந்தீர்கள் என்று தெலுங்கில் சிரித்தாள்.

"அவரைச் சொல்லாதே. நாந்தான் எடுத்துட்டுப் போக விடல" என்றார் அந்த அம்மா. பிறகு என்னிடம், "இப்ப எடுத்துக்கோங்க தம்பி" என்றார்.

வெளிநாட்டு நம்பர் வந்ததும் தருவதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். இப்போது அந்தக் கணினி என் மேசையில் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் ஆன் செய்கிறேன். உடனே ஓடுகிறது, பழுது பார்க்க ஒன்றுமே இல்லை. ஓடாமல் போகட்டுமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.