வரிசை மேடம் முன்வாசலில் நின்ற நாள்

ஊசி போடாத டாக்டர் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவருடைய அம்மாதான். மருத்துவக் கல்லூரியில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிய மகள், இதயம், மூளை என்று ஏதாவதொரு பெரிய உறுப்பாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள் என்று அம்மா காத்திருந்தார். மகளோ பொது சுகாதாரம் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள்.

"அது எந்த எடத்துல இருக்கு?" என்று அம்மா தன் உடம்பைக் காட்டிக் கேட்டார்.

"உடம்புல இல்லம்மா. ஊர்ல இருக்கு."

"நல்லா இருக்கு போ. ஊருக்கு வைத்தியம் பாத்தா ஊரு வந்து உனக்குக் கும்பிடு போடுமா?"

ஊர் கும்பிடு போடவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரமும் இருக்கவில்லை. முதல் வேலை நகரத்தின் ஓரத்தில் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில். தடுப்பூசிக்காகக் கைக்குழந்தையோடு வரும் பெண்களில் பாதிப் பேர் ஊசி போடாமலேயே திரும்பிப் போனார்கள். படிப்பறிவு இல்லை, பயம், அலட்சியம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் ஒரு நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்து பார்த்தார். எடை பார்ப்பது கீழே, அட்டை எழுதுவது மாடியில், ஊசி மறுபடியும் கீழே, அதுவும் கொல்லைப்புறம். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவள், திரும்ப இறங்கும்போது வாசல் கண்ணில் பட்டதும் அப்படியே வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் செவிலியரும் சேர்ந்து மாடியிலிருந்த மேசையைத் தூக்கிவந்து கீழே போட்டார்கள். புது மருந்து வரவில்லை, புது டாக்டரும் வரவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி விழுந்தது.

"ஒரு மேசையை எறக்கினதுக்கு புரொபசர் வேலை வாங்கின ஒரே ஆள் எங்க அக்காதான்" என்பாள் தங்கை. தையற்கடை வைத்திருப்பவள். கையில் கத்தரிக்கோல் இல்லாதபோது நாக்கு அந்த வேலையைப் பார்க்கும்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் வரிசை மேடம். பொருத்தமான பெயர்தான். ரொட்டிக் கடையானாலும் ரயில் நிலையமானாலும் வரிசையைக் கண்டால் அவருக்குக் கால் நகராது. "அந்தக் கவுண்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினா..." என்று ஆரம்பிப்பார். தங்கை நாலடி தள்ளிப் போய், யாரோ ஒருவரைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பாள்.

தலையில் நரை ஏறிய காலத்தில்தான் பெரிய வேலை கைக்கு வந்தது. கல்லூரியை ஒட்டிய பெரிய அரசு மருத்துவமனை. அங்கே வெளிநோயாளிப் பிரிவில் காலையில் நுழைந்தவர் மாலையில் வெளியே வந்தால் கெட்டிக்காரர். வந்தவுடன் ஒரு டோக்கன், எந்த அறைக்கு எப்போது போக வேண்டும் என்ற குறிப்பு, ரத்தம் எடுக்கும் இடமும் மருந்து கொடுக்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் என்று எல்லாவற்றையும் மாற்றி அமைத்தார். கூடத்தின் நடுவே ஒரு மின்பலகை. டோக்கன் வாங்கியதிலிருந்து ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அது காட்டும். நேரம் அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. ஒரே வருடத்தில் பலகை பச்சைப் பசேல் என்று ஆனது. காத்திருக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதைக் காட்டும் வரைபடத்தை, பேரப்பிள்ளையின் புகைப்படத்தை வைத்துக்கொள்வது போல அவர் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சுகாதாரத் துறை ஒரு குழு அமைத்தது. குழு வந்து பார்த்துச் சரி என்று சொன்னால், நாட்டிலுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் அதே முறை. இல்லையென்றால் இங்கேயும் பழைய கதைதான். வாழ்நாள் உழைப்பு அந்த ஒரு வருகையில் தொங்கிக்கொண்டிருந்தது. குழு வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய கார் பழுதானது, தங்கைக்குக் காது வலித்தது.

"கூட வர்றேன்டி. பின்வாசல் வழியா நேரா காது டாக்டர்கிட்டயே போயிடலாம்."

"வேணாம். உன் வரிசை உன் வரிசைன்னு பீத்திக்கிறியே, அதுல நின்னு பாக்கறேன். உன் பேரைச் சொன்னே, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

பேருந்து இருவரையும் முன்வாசலில் இறக்கிவிட்டது. அப்போதுதான் பேராசிரியருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் இந்த வாசலை அவர் பார்த்ததே இல்லை. கார் நிறுத்துமிடம் பின்னால், மின்தூக்கி பின்னால், அவருடைய அலுவலகம் அதற்கும் பின்னால். இங்கேயோ பெரிய இரும்புக் கதவு சாத்தியிருந்தது. கதவிலிருந்து தெருமுனை வரை மனிதர்கள்.

மனிதர்கள் மட்டுமா? ஒரு செருப்பு ஜோடி, ஒரு தண்ணீர் பாட்டில், கல்லை வைத்து அழுத்திய ஒரு செய்தித்தாள் என்று ஆள் இல்லாத இடங்களில் பொருள்கள் வரிசையில் நின்றன. தலையில் ஊதாத் துணி கட்டிய ஒரு பெண்மணி முன்னும் பின்னும் நடந்து, "நீங்க அந்தக் குடைக்குப் பின்னாடி. குடைக்காரர் டீ குடிக்கப் போயிருக்கார், வந்துடுவார்" என்று எல்லோருக்கும் இடம் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. வரிசைகளையே படித்த பேராசிரியருக்கு ஒரு கணம் கண் விரிந்தது. இவ்வளவு அழகான வரிசையை அவர் எங்கும் கண்டதில்லை. அடுத்த கணம் கண் சாத்திய கதவுக்குத் திரும்பியது.

கதவருகே நின்ற காவலாளியிடம் போனார். "ஏங்க, கதவைத் தொறக்க மாட்டீங்களா?"

"தொறப்போம்மா. உள்ள இருக்கறவங்க வெளிய போகப் போக இவங்களை விடுவோம். மொத்தமா விட்டா போர்டு செவப்பாயிடும்."

"செவப்பானா என்ன?"

"என்னவா? ஆபீஸ்ல வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரிய புரொபசர் ஒருத்தங்க போட்ட திட்டம்மா இது. தங்கமான திட்டம். முன்னல்லாம் உள்ள சந்தைக்கடை மாதிரி இருக்கும். இப்பப் போய்ப் பாருங்க, ஈ காக்கா கெடையாது!"

பேராசிரியருக்குப் பின்னாலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. தங்கை காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "சிரிக்க வைக்காதேக்கா, வலி உயிர் போகுது!"

பச்சைப் பலகையின் ரகசியம் அதுதான். உள்ளே நேரம் குறைந்தது ஓரளவுக்கு உண்மை. மீதி நேரமெல்லாம் கதவுக்கு வெளியே செருப்பும் குடையுமாக நின்றுகொண்டிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. சிவப்பு வரக்கூடாது என்றார்கள், வராமல் பார்த்துக்கொண்டார்கள். சிவப்பை வைத்ததோ அவரேதான்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கல்லூரியில் அவரோடு ஒன்றாகப் படித்தவர். விஷயத்தைக் கேட்டதும் முதலில் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இப்ப என்ன பொய் சொல்லிட்டோம்? போர்டுல இருக்கறது நெஜந்தானே?"

"கதவுக்கு உள்ள நெஜம்."

"சரி, குழு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் மாத்திக்கலாம். ஒரே ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இரு, தாயே."

"எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகப் போகுதுய்யா. ஒவ்வொரு எடத்துலயும் ஒரு கதவைச் சாத்துவாங்க. நாளையிலேருந்து கதவு தொறந்திருக்கணும். டோக்கன் வாசல்லயே குடுக்கணும். நேரம் அங்கேருந்து ஓடணும்."

"போர்டு பூரா செவப்பாயிடும்! வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறே."

"ஓணான் ஏற்கெனவே மடியிலதான் இருக்கு. நாம குனிஞ்சு பாக்கல, அவ்வளவுதான்."

பேசிவிட்டாரே தவிர, பயம் இல்லாமல் இல்லை. சிவப்பைப் பார்த்துவிட்டுக் குழு போய்விட்டால், உள்ளே செய்த நல்லதும் சேர்ந்து போகும். மாலையில் தங்கை வீட்டுச் சமையலறையில் நின்று இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"காதுல பஞ்சு வச்சிருக்கேன், சத்தமாப் பொலம்பு" என்றாள் தங்கை. பிறகு சொன்னாள், "இவ்வளவு யோசிக்கறதுக்கு, அவங்களையும் பஸ்ஸுல கூட்டிட்டு வந்து முன்னாடியே எறக்கேன்."

கேலியாகத்தான் சொன்னாள். பேராசிரியர் அன்றே குழுத் தலைவியைத் தொலைபேசியில் அழைத்தார்.

குழுத் தலைவி நிதித்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், பேச்சில் சிக்கனம். குழு வந்த அன்று, திறந்திருந்த முன்வாசலில் இறங்கினார், ஒரு டோக்கனும் வாங்கிக்கொண்டார். கூடத்துப் பலகை தக்காளிப் பழம் போல ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தவரை, கையில் கட்டுப் போட்ட ஒரு கொத்தனார் அதட்டினார்.

"ஏம்மா, எங்க முன்னாடி போறீங்க? நீங்க எனக்கு அடுத்த ஆளு."

தலைவி உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் யாரும் அவரை அப்படி உட்கார வைத்திருக்க மாட்டார்கள். முறை வரும்வரை கொத்தனாரின் கை உடைந்த கதை, அவர் மாமனாரின் சர்க்கரை, மூடிய கதவுக்கு வெளியே போன மாதம் நின்ற கதை எல்லாவற்றையும் கேட்டார்.

கூட்ட அறையில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "போன வாரம் வரைக்கும் நல்லா இருந்த கணக்கு, ஏன் இப்படி ஆயிடுச்சு?"

கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார். பேராசிரியர் எழுந்து நின்றார்.

"போன வாரமும் நல்லா இல்லைங்க. நாங்க கதவுக்கு உள்ள மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தோம். வெளிய நின்னவங்க எங்க கண்ணுலயே படல. நான் பின்வாசல் வழியா வர்ற ஆள். இப்பத்தான் சரியா எண்ண ஆரம்பிச்சிருக்கோம்."

"சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"தெரியுங்க."

"கதவையும் சேர்த்து எல்லா ஊருக்கும் அனுப்பியிருப்பேன்."

"அதுவும் தெரியுங்க. அதான் சொல்லிட்டேன்."

தலைவி பேனாவை மூடி வைத்தார். "ஒரு வருஷம் எடுத்துக்கங்க. அந்தப் போர்டைக் கழட்டித் தெருவுல மாட்டுங்க. உள்ள வந்துட்டவங்களுக்கு அது எதுக்கு?"

அந்த ஒரு வருடம்தான் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வருடம் என்று பேராசிரியர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். வரைபடத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டார். மாணவர்களை அழைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். ஏன் எல்லோரும் விடியும்போதே வருகிறார்கள் என்று கேட்டார். தாமதமாக வந்தால் டாக்டர் கிடைக்க மாட்டார் என்ற பயம். டாக்டர் ஏன் கிடைக்க மாட்டார்? எல்லோரும் விடியும்போதே வந்துவிடுவதால் மதியத்துக்குள் அவர் களைத்துப் போகிறார். இரண்டு பயங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மாத்திரை மட்டும் வாங்க வருகிறவர்களுக்கு மதியம் என்று முந்தின நாளே தொலைபேசியில் நேரம் சொன்னார்கள். சொன்ன நேரத்தில் டாக்டர் இருந்தார். முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஒருவர் நம்பினார், அவர் பக்கத்து வீட்டில் சொன்னார். ஊதாத் துணிப் பெண்மணியைக் கெஞ்சிக் கூத்தாடி வாசல் மேசைக்கு வேலைக்கு எடுத்தார்கள். தெருவில் மாட்டிய பலகை சிவப்பிலிருந்து இறங்குவேனா என்று அடம்பிடித்து, ஒரு நாள் இறங்கியது.

தலைவி மறுபடியும் வந்தார், தெருவில் நின்று பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எல்லா மருத்துவமனைகளுக்கும், வாசல் உட்பட.

அதற்கு மறுநாள் காலை பேராசிரியர் முன்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தார். கதவு அகலத் திறந்திருந்தது. தெரு காலியாக இருந்தது. எதிரே ஒரு வயதான மனிதர் மனைவியின் கையைப் பிடித்தபடி வந்தார். காலித் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"யாரையுமே காணோம். இன்னிக்கு லீவு போலிருக்கு. வா, போலாம்."

இருவரும் திரும்பி நடந்தார்கள். பேருந்து வேறு வந்துகொண்டிருந்தது. பேராசிரியர் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"ஐயா! அம்மா! நில்லுங்க! லீவு இல்லைங்க, ஆஸ்பத்திரி இருக்கு!"

கிழவர் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஏம்மா கூட்டமே இல்ல? டாக்டருங்க சரியில்லையா?"

பேராசிரியருக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு வாசலைக் காட்டினார்.

"வந்தது வந்தோம்" என்றார் அம்மாள் கணவரிடம். "இந்தப் பொண்ணு இப்படி ஓடி வந்து கூப்பிடுது. ஒரு எட்டு பாத்துட்டுத்தான் போவோமே."