பதினொரு முறை அழித்த கேள்வி

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற ஆசைப்பட்டு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். வெர்னியர் அளவுகோலில் அளவு எடுப்பது மட்டும் பிடிபடவே இல்லை. சனிக்கிழமைக்குள் பயிற்சித்தாளை அனுப்பாவிட்டால் தேர்வு எழுத முடியாது.

ஆசிரியைக்குப் போனில் "மேடம்" என்று அனுப்பினேன். தொந்தரவாக நினைப்பாரோ என்று பயந்து உடனே அழித்தேன். மறுபடி அனுப்பினேன், மறுபடி அழித்தேன். இரண்டு நாளாகியும் பதில் இல்லை. என்மேல் கோபமோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

உடன் வேலை செய்யும் செல்வி என் போனை வாங்கிப் பார்த்தாள். நான் அழித்ததற்கு அடையாளமாகப் பதினொரு வரி இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாக்கா, கதவத் தட்டிட்டுத் தட்டிட்டு ஓடிக்கினு கீறே! நீ யாரு, இன்னா வோணும்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

டீ இடைவேளையில் ஒரே செய்தியாக எழுதினேன். வணக்கம், என் பெயர், எந்த வகுப்பு, எந்தக் கணக்கு, நான் எடுத்த அளவு, எங்கே இடிக்கிறது, எல்லாம் இருந்தது. "நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும்" என்று முடித்தேன். அனுப்பியதும் அழிக்கத் துடித்த விரலுக்குப் பயந்து போனைச் செல்வியிடமே கொடுத்துவிட்டேன்.

மதியமே பதில் வந்தது. "பூஜ்ஜியப் பிழையைக் கழிக்க மறந்துட்டீங்க, அவ்வளவுதான். நல்ல கேள்வி. நாளைக்கு வகுப்புல எல்லாருக்கும் இதையே விளக்கட்டுமா?"

"யக்கா, ஒனக்காக கிளாஸே நடக்குது!" என்று செல்வி கத்தியதில் பேக்கிங் பிரிவே திரும்பிப் பார்த்தது.

இன்று நான் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். யாருக்காவது செய்தி அனுப்பும்போது இன்னும் கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனால், பெயரை எழுதிவிட்டு நடுங்குகிறேன்.